பால்வினை நோய்க்கு மருந்து எடுத்தாச்சு, அப்புறம்? சுகவாழ்வு மையத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

பால்வினை நோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. முழுசாகக் குணமாகி, அதற்கான காகிதத்தையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருவதுதான் கஷ்டம். ஊசி போட்டாச்சு, மாத்திரை கொடுத்தாச்சு என்று பதிவேட்டில் எழுதியதும் அலுவலகத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பின்னணி கொஞ்சம்தான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கென்று தனி மையம் உண்டு. தமிழ்நாட்டில் அதன் பெயர் சுகவாழ்வு மையம். பரிசோதனை, ஆலோசனை, மருந்து எல்லாம் இலவசம். மருந்து நிறம் நிறமான பாக்கெட்டில் வரும். எந்தத் தொந்தரவுக்கு எந்த நிறம் என்பது முன்பே வகுத்தது. எச்.ஐ.வி. பரிசோதனை நடப்பது நம்பிக்கை மையத்தில். இரண்டும் வேறு வேறு அறை, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்புவார்கள்.

முதல் சிக்கல் ஓ.பி. சீட்டு போடுகிற இடத்திலேயே வரும். “எதுக்கு வந்தீங்க?” என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்பார்கள், பின்னால் வரிசையே நிற்கும். அங்கே நோயைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் “தோல் ஓ.பி.” என்றால் போதும், பெண்கள் “மகளிர் ஓ.பி.” என்றால் போதும். மீதியை உள்ளே மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்ற கேள்விக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. கணவர் கையெழுத்து வேண்டும் என்ற விதியும் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், ஓ.பி. முடிந்த பிறகு போனால் அவசரப் பிரிவில் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அப்பதான் மாத்திரை.” இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் மறுபடி வருவதேயில்லை. துணைக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது மருத்துவப்படி அவசியம்தான். தொந்தரவே இல்லாவிட்டாலும் அவரும் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் நோய் இருவருக்குள் போய்ப்போய் வரும். ஆனால் உங்கள் மருந்துக்கு அது நிபந்தனை அல்ல. “எனக்கு இப்பவே கொடுங்க, அவருக்குத் தனிச் சீட்டு கொடுங்க” என்று கேளுங்கள். வீட்டில் சொன்னால் அடி விழும் என்ற நிலை இருந்தால் ஆலோசகரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். போன் நம்பர் எழுதும்போதும் கவனம். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் என்றால், “இதுக்குக் கூப்பிடாதீங்க” என்று சொல்லி எழுத வையுங்கள். மையத்திலிருந்து வந்த ஒரு போன் குடும்பத்தையே உடைத்ததுண்டு.

மருந்து எடுத்த பிறகு குறைந்தது ஏழு நாள், துணைக்கும் சிகிச்சை முடியும் வரை, உறவு வேண்டாம். ஏழு நாள் கழித்தும் சீழோ எரிச்சலோ நிற்கவில்லை என்றால் திரும்பப் போங்கள். அங்கே அதே பாக்கெட்டை மறுபடி நீட்டுவார்கள். “போன தடவையும் இதுதான், கேட்கலை, டெஸ்ட் எடுங்க” என்று சொல்லுங்கள். துணையிடமிருந்து மறுபடி தொற்றியதா, மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லையா என்பது பார்த்தால்தான் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் பாதி கோர்ஸ் வாங்கிச் சாப்பிடுவதும், உடல் சூடு என்று நினைத்து லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. அக்கி மாதிரி கொப்புளம் வரும் ஹெர்பிஸ் மட்டும் வேறு கணக்கு. அது அடங்கும், மறுபடி எட்டிப் பார்க்கும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பால்வினை நோய்களில் ஒன்றான சிபிலிஸ் வந்தவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஆரம்பக் கட்டம் என்றால் பென்சிலின் ஊசி ஒரு தடவை. நாள்பட்டது, அல்லது எப்போது வந்ததென்று தெரியவில்லை என்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். நடுவில் “ஸ்டாக் இல்லை, அப்புறம் வாங்க” என்றால் விட்டுவிடாதீர்கள், எந்த மருத்துவமனையில் இருக்கிறதென்று கேட்டு அங்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சல் அடித்தால் பயப்பட வேண்டாம், ஒரு நாளில் அடங்கும். மூச்சுத் திணறினாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ அது ஒவ்வாமை, உடனே ஓட வேண்டும்.

சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை இரண்டு வகை. வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்பதில் 1:32 என்பது போல ஒரு எண் வரும். சிகிச்சைக்குப் பிறகு அந்த எண் நான்கில் ஒரு பங்காக, 1:32 இருந்தது 1:8 ஆகவோ அதற்குக் கீழோ இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் பார்க்க வேண்டும். ஒரே வகைப் பரிசோதனை, முடிந்தால் ஒரே லேப். ரிப்போர்ட்டில் வெறும் “ரியாக்டிவ்” என்று முத்திரை குத்திக் கொடுத்தால் வாங்காதீர்கள், எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது.

இன்னொரு வகை டி.பி.எச்.ஏ. ஒரு முறை சிபிலிஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, முழுக்கக் குணமான பிறகும், இது வாழ்நாள் முழுக்க பாசிட்டிவ் காட்டும். இது தெரியாத இடங்களில் குணமானவருக்கே மறுபடி மறுபடி ஊசி போடுகிறார்கள். வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலும் சிபிலிஸ் பரிசோதனை உண்டு. விசா கையில் வந்த பிறகு “அன்ஃபிட்” ஆகி ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், அளவு, முன்னும் பின்னும் வந்த எண்கள் எல்லாம் இருக்கும்படி மருத்துவரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். மெடிக்கல் சென்டர் அதை ஏற்றே தீரும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கடிதம் இல்லாமல் வாதாடவே முடியாது. பணம் கட்டும் முன் மெடிக்கல் எடுங்கள், கட்டிய பின் அல்ல.

கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் இலவசப் பரிசோதனை உண்டு. சிபிலிஸ் என்று வந்தால் பென்சிலின் ஊசிதான். வேறு மாத்திரை தாய்க்குக் கேட்டாலும் குழந்தைக்குக் காப்பாகாது. பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்பு போட்டிருந்தால்தான் கணக்கு. “அடுத்த செக்கப்பில் பார்க்கலாம்” என்ற பதிலை இங்கே ஏற்காதீர்கள். ஊசி போட்ட தேதியை தாய் சேய் அட்டையில் எழுத வையுங்கள். பிரசவ வார்டில் அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனையை எடுத்துக்கொள்வது நல்லது, இப்போது நெகட்டிவ் வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. ஆனால் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, அந்தப் பரிசோதனை எடுத்தால்தான் வேறு சிகிச்சை என்று நிர்ப்பந்திக்க முடியாது. முடிவை மற்றவர் காதில் விழச் சொல்லவும் கூடாது.

திருப்பி அனுப்பினால் வாசலில் சண்டை போட்டுப் பலனில்லை. நிலைய மருத்துவ அலுவலரை, அதாவது ஆர்.எம்.ஓ.வை, பாருங்கள், யார் எந்த அறையில் என்ன சொன்னார் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயரை அதில் எழுத வேண்டாம், “தோல் ஓ.பி.யில் மருந்து மறுத்தார்கள்” என்றாலே அவருக்குப் புரியும். பக்கத்தில் மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.