விலா எலும்பால் ஆன இறக்கை

சிங்கப்பூரில் புக்கித் தீமா, மெக்ரிட்சி பக்கத்துக் காடுகளில் பறக்கும் ஓணான், கொலுகோ என்ற மரவாழ் பாலூட்டி, பறக்கும் பாம்பு, பறக்கும் அணில் எல்லாமே உண்டு. பெயர்தான் 'பறக்கும்'. வௌவாலைப் போல இறக்கையடித்து மேலே ஏற இவற்றால் முடியாது. உயரத்திலிருந்து குதித்து, காற்றில் சறுக்கியபடி அடுத்த மரத்துக்குப் போகும்.

சுலபமாகப் பார்க்கக் கிடைப்பது ஓணான்தான். பூங்கா மரங்களிலும் இருக்கும். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும்; ஆண் ஓணான் தொண்டையில் இருக்கும் மஞ்சள் மடலை நீட்டி மடக்கும்போதுதான் சட்டென்று கண்ணில் படும். குதித்ததும் உடம்பின் இரு பக்கமும் விசிறி போலத் தோல் விரியும். அந்தத் தோலைத் தாங்குபவை விலா எலும்புகள்! நமக்கு நெஞ்சுக்கூடாக வளைந்து நிற்கும் அதே எலும்புகள் அதற்கு வெளிப்பக்கமாக நீண்டிருக்கின்றன. முன்கால்களால் அந்தத் தோலின் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் அது காற்றில் போகிறது.

கொலுகோவுக்கு விலா எலும்பு இதில் உதவுவதே இல்லை. கழுத்திலிருந்து கைவிரல், கால்விரல், வால்நுனி வரை ஒரே தோல். கைகால்களை நீட்டினால் விரிந்துவிடும். 100 மீட்டருக்கு மேலும் சறுக்கக்கூடியது. இங்குள்ள கொலுகோக்களின் முதுகில் சிறு கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, தொலைவு கூடக்கூட மோதும் விசை குறைவது தெரிந்தது. குட்டையான தாவலில்தான் மரத்தில் பலமாக மோதுகிறது. தூரம் போகும்போது, கடைசியில் உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறைக்க அதற்கு அவகாசம் கிடைக்கிறது.

பாம்புக்குக் காலும் இல்லை, விரிக்கத் தோலும் இல்லை. விலா எலும்புகளை அகட்டி உடம்பையே தட்டையாக்கி, காற்றில் நெளிந்துகொண்டே இறங்கும்.

வெவ்வேறு வம்சத்து உயிர்கள் ஒரே தேவைக்காக ஒரே மாதிரி ஆவதைக் குவிபரிணாமம் என்கிறோம். ஓணானின் தோலும் கொலுகோவின் தோலும் செயலொத்த உறுப்புகள்: வேலை ஒன்று, பிறப்பு வேறு. உயர்ந்த மரங்களில் ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறினால் நேரம் போகும், தரையில் ஆபத்தும் அதிகம். எடையோடு ஒப்பிட உடம்பின் பரப்பு கூடுதலாக இருந்தால் மெதுவாக இறங்கலாம். இந்த விதி எல்லா உயிருக்கும் பொது. அதனால் கொஞ்சம் அகலமாக விரிய முடிந்தவை கூடுதலாகப் பிழைத்துக் குட்டி போட்டன, முட்டையிட்டன. ஆனால் எதை விரிப்பது என்பதை அந்தந்த உடம்பில் ஏற்கெனவே இருந்ததுதான் தீர்மானித்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சரி, அணிலும் கொலுகோவும்? இரண்டும் பாலூட்டிகள், இரண்டுக்கும் கைகால்களுக்கு இடையே தோல். சொந்தக்காரர்கள் என்றே தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் கணக்கு மாறும். அணிலுக்கு மணிக்கட்டிலிருந்து ஒரு குருத்தெலும்பு நீண்டு தோலின் ஓரத்தைத் தாங்குகிறது, விரல்கள் தனித்தனியாக இருக்கின்றன. கொலுகோவுக்கு அந்தக் குருத்தெலும்பு இல்லை, விரல்களுக்கு இடையிலும் தோல் இருக்கிறது. மரபணுக்களை ஒப்பிட்டால் இன்னும் தெளிவு: கொலுகோ அணிலைவிடக் குரங்குகளுக்கும் நமக்கும்தான் நெருங்கிய உறவு.