ஐந்தாம் முறை அழுத்தினால் மட்டும் கிளம்பும் கணினி

எங்கள் வீட்டில் 2005-ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காக உழைத்த பிறகு அதற்கு ஒரு வினோதமான பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். திரையில் ஒன்றும் வராது. விட்டுவிட்டு நான்கைந்து முறை அழுத்தினால் எதுவுமே நடவாததுபோல் கிளம்பும். அதன்பின் நாள் முழுவதும் ஒரு குறையும் இராது. மார்கழியில் ஏழெட்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. சித்திரையில் இரண்டே முறை போதுமாக இருந்தது. பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்தக் குளிர்தான் காட்டிக்கொடுத்தது. அதைப் புரிந்துகொள்ள, பொத்தானை அழுத்திய முதல் நொடிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் முன்புறப் பொத்தான் விளக்குச் சுவிட்சைப் போல மின்சாரத்தை நேரடியாக இணைப்பதில்லை. மேசைக் கணினிகளின் மின்வழங்கலுக்கும் பலகைக்கும் இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற பொது அமைப்பில், சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டவுடனேயே, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ற தாழ்ந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி பாதி விழித்துக்கொள்கிறது. ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை, பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்குகிறது. ‘முழுதாக இயங்கு’ என்பதற்கான சைகை அதுவே. உடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் வழிகளை உயிர்ப்பித்து, அவை நிலைபெற்றபின் சாம்பல் நிறக் கம்பியில் ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று பதில் சைகை தருகிறது. இந்தப் பதில் வர நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை நொடி வரை ஆகும். அதுவரை பிராசசர் கட்டிவைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். ஆகவே மின்விசிறி சுற்றுவதைக் கண்டு கணினி கிளம்பிவிட்டது என்று எண்ணுவது தவறு. விசிறிக்கு 12 வோல்ட் கிடைத்தது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்வதில்லை.

கட்டு அவிழ்ந்த பிராசசர், அது எட்டக்கூடிய நினைவக முகவரிகளின் 4 ஜிபி வெளியின் உச்சிக்கு 16 பைட்டுகள் கீழே இருக்கும் இடத்திலிருந்து தன் முதல் கட்டளையை எடுக்கிறது. அங்கே காத்திருப்பது மதர்போர்டின் சில்லிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல். அது பிராசசர், ரேம், திரை அட்டை என ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாம் சரியென்றால் ஒரு குறும் பீப் ஒலியை எழுப்புகிறது. இல்லையென்றால் வேறு வகையில் ஒலிக்கிறது. ஒலிகளின் பொருள் பயாஸைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்தது: அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறும் ஒலிகளும் திரை அட்டையில் கோளாறு என்று பொருள்படும். ஏஎம்ஐ பயாஸில் மூன்று குறும் ஒலிகள் ரேமைக் குறிக்கும். மலிவான பெட்டிகள் பலவற்றில் இந்தச் சிறு ஒலிபெருக்கியே இருப்பதில்லை. பழைய கணினியைப் பழுது பார்க்க எண்ணுவோர் முதலில் அதை வாங்கிப் பொருத்த வேண்டும் என்பேன். அதைவிடக் குறைந்த விலையில் அதைவிட அதிகம் பேசும் கருவி வேறில்லை.

இந்த ஒலியைக் கொண்டே ஓர் அருமையான சோதனையைச் செய்யலாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேம் பலகைகள் அனைத்தையும் கழற்றிய பின் கணினியைப் போட்டால், நலமான மதர்போர்டு ரேம் இல்லை என்று ஒலியெழுப்பும். அந்த ஒலி கேட்டால் எஸ்எம்பிஎஸ், பிராசசர், பயாஸ் மூன்றும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன என்று கொள்ளலாம். ரேமைத் திரும்பப் பொருத்துமுன் அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் துடைத்து, துகள்களைத் தட்டிவிட வேண்டும். தூசியும் படலமும் தொடர்பைக் கெடுப்பதால் நின்றுபோன கணினிகள் இந்த ஒரு துடைப்பிலேயே கிளம்பிவிடுவதுண்டு. பலகையைத் தொடுமுன் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை இறக்கிவிடுவது அவசியம்.

எங்கள் கணினி ரேம் இல்லாதபோதும் ஒலிக்கவில்லை. ஆகவே பழுது அதற்கு முந்தைய படியில், மின்சாரம் நிலைபெறும் இடத்தில் இருந்தது. பிராசசருக்கு வேண்டியது 12 வோல்ட் அன்று, 1.3 வோல்ட் அளவிலான மின்னழுத்தம்தான். ஆனால் 65 வாட் செலவழிக்கும் பிராசசர் அந்த மின்னழுத்தத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். இவ்வளவு பெரிய மின்னோட்டத்தை, ஏற்ற இறக்கமின்றி, பிராசசருக்குப் பக்கத்திலேயே தயாரித்துத் தருவது சில சுருள்களும் அவற்றை ஒட்டி நின்று, மின்னேற்றத்தைச் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் உருளை வடிவ மின்தேக்கிகளும் ஆகும். கடைகளில் கெபாசிட்டர் என்று கேட்டால் கிடைக்கும் இந்த உருளைகளுக்குள் சுருட்டிய அலுமினியத் தகடும், அதை நனைத்திருக்கும் மின்பகு திரவமும் இருக்கின்றன.

பெட்டியைத் திறந்து டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. வரிசையாக நின்ற உருளைகளில் மூன்றின் உச்சி தட்டையாக இல்லாமல், பொங்கிய பூரியைப் போல மேடாக இருந்தது. உச்சியில் சிலுவைபோல் கீறப்பட்டிருக்கும் கோடுகள், உள்ளே வாயு அழுத்தம் மிகுந்தால் உருளை வெடிக்காமல் அந்த இடத்தில் பிளந்துகொள்வதற்காக அமைக்கப்பட்டவை. மூன்றில் ஒன்றில் அந்தக் கோட்டின் ஓரமாகப் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருந்தது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வெளிவந்த மதர்போர்டுகள் ஏராளமானவற்றில் குறைபாடுள்ள மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள் இடம்பெற்றுவிட்டன. அத்திரவத்திலிருந்த நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டு உருளைகளை வீங்கச் செய்தது. நல்ல மின்தேக்கிகளும் வெப்பத்தில் மெல்ல உலர்பவையே; வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் பழகிவரும் கணக்கு. அதனால் விசிறியில் படிந்த தூசியைத் தட்டுவதுகூட மின்தேக்கிக்குச் செய்யும் உதவிதான்.

குளிரின் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. திரவம் உலர உலர மின்தேக்கியின் உள்தடை ஏறுகிறது. குளிர்ந்திருக்கையில் அது மேலும் ஏறுகிறது. அப்போது மின்னழுத்தத்தின் அலைவை மின்தேக்கியால் அடக்க முடியாமல் பிராசசர் தடுமாற, கிளம்பும் முயற்சி அங்கேயே முறிகிறது. ஆனால் ஒவ்வோர் அழுத்தலிலும் அந்த உள்தடை வழியாகப் பாயும் மின்னோட்டம் மின்தேக்கியைச் சற்றே சூடேற்றுகிறது. சூட்டில் தடை இறங்குகிறது. ஐந்தாம் அழுத்தலுக்குள் அது வேலை செய்யும் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

வீக்கம் கண்ணுக்குத் தெரியாத கணினிகளில் எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டரால் அளப்பது அடுத்த வேலை. 12 வோல்ட் வழி 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் வழி 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும்; கணினி இயங்க முயலும்போது அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருளுண்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் என்பதால், அதற்குள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும்.

மதர்போர்டிலிருந்த மூன்று மின்தேக்கிகளையும், அதே கொள்ளளவும் குறையாத வோல்ட் அளவும் தாழ்ந்த உள்தடையும் கொண்டவையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். சால்டரிங்கில் கைதேர்ந்த ஒருவர் முனை மாறாமல் பொருத்தித் தந்தார். முதல் அழுத்தலிலேயே ஒற்றைப் பீப் ஒலி கேட்டது. திரையில் தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்னே இருந்தது. கடிகாரத்தைக் காக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பொத்தான் பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பிரவுசர் ஏற்காது என்பதால் அதையும் அன்றே மாற்றினேன். ஹார்டு டிஸ்க் இடைவிடாத ‘டக் டக்’ ஓசையின்றிச் சீராகச் சுழன்றது. அப்பாவின் பழைய புகைப்படங்கள் அதில் இருந்ததால், வேறெதையும் தொடுமுன் அவற்றை வேறொரு வட்டுக்கு நகலெடுத்தேன்.