கர்ச்சீப்பில் எடுத்த கம்பி

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் திருட்டு என்று பேரனும் அம்மாயியும் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்கள். பேரன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறவர். உட்கார்ந்ததும் பையைத் திறந்து, பாலிதீன் கவரில் கட்டிய முழ நீள இரும்புக் கம்பி ஒன்றை என் மேஜை மேல் வைத்தார். பூட்டை நெம்பிய கம்பி. கட்டுத்தரை ஓரம் கிடந்ததாம்.

"கையே படலீங்க சார். கர்ச்சீப் வெச்சுத்தான் எடுத்தேன்" என்றார்.

அம்மாயி தன் பங்குக்குச் சொன்னார்: "சனமெல்லாம் வந்துருமேன்னு விடியறதுக்குள்ள வாசலக் கூட்டிச் சாணி தெளிச்சுட்டேன் கண்ணு."

அம்மாயி செய்தது காலங்காலமான பழக்கம். பேரன் செய்தது டிவி கிரைம் தொடரில் பார்த்தது. இரண்டும் சேர்ந்து, போலீஸ் வருமுன்பே அந்த வாசலில் இருந்த கால் தடத்தையும் வண்டித் தடத்தையும் அழித்துவிட்டன. கம்பி கிடைத்தது உண்மைதான். அது எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதற்கு இனி பேரனின் வாய்ச்சொல் மட்டுமே. விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, அங்கே கண்டதைப் பதியும் பார்வை மகஜர் எழுதுவார், மாதிரி வரைபடம் போடுவார். அந்தக் காகிதங்கள்தான் பின்னால் கோர்ட்டில் பேசும். பொருள் இடம் மாறிய பிறகு வரைபடத்தில் எதைக் குறிப்பது?

கர்ச்சீப் வைத்து எடுத்தாலும் ரேகை கலையும் என்பதையும் சொல்லவேண்டும். ஈரம் பட்டதைப் பாலிதீனில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ரத்தக்கறை பட்ட துணியைக் காயவைத்து, காகிதத்தில் சுற்றித்தான் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கிரைம் தொடர் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு கொலை நடக்க வேண்டும், நாலு பேர் மேல் சந்தேகம் வர வேண்டும், கடைசியில் நாம் நினைக்காத ஐந்தாவது ஆள் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பொருள் கதையைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரு பொத்தான், ஒரு காதணி, ஒரு கம்பி. எது முக்கியம் என்று கேமராவே நெருங்கிப்போய்க் காட்டிவிடும். தோட்டத்து வாசலில் அப்படிக் காட்ட யாரும் கிடையாது. எது துப்பு என்று யாருக்கும் தெரியாத அந்த முதல் ஒரு மணி நேரத்தில் எதையும் தொடாமல் இருப்பதுதான் வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய சி.எஸ்.ஐ. தொடருக்குப் பிறகு ஆய்வகமே கதாநாயகன் ஆகிவிட்டது. காலையில் மாதிரி கொடுத்தால் மாலைக்குள் ரிசல்ட், அதுவும் கம்ப்யூட்டர் திரையில் ஆள் படத்தோடு. இங்கே கோயம்புத்தூர் வட்டார ஆய்வகத்துக்குப் போகிற பொட்டலம் பல வழக்குகளோடு வரிசையில் நிற்கிறது. உள்ளுறுப்பு ஆய்வு அறிக்கைக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அறிக்கை தாமதமானாலே "எதிர்த்தரப்பு காசு கொடுத்துட்டாங்க" என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. அந்தச் சந்தேகம் பல வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

அடுத்தது, கடைசிக் காட்சி ஒப்புதல். 1957இல் தொடங்கிய பெர்ரி மேசன் என்கிற அமெரிக்க வக்கீல் தொடரின் காலத்திலிருந்தே இது உண்டு. சாட்சிக்கூண்டில் நிற்கிறவர் உடைந்துபோய் "நான்தான் செய்தேன்" என்று அழுவார். நம் தொடர்களில் அது ஸ்டேஷனிலேயே நடந்து, விலங்கு மாட்டியதும் கதை முடிந்துவிடும். எங்களுக்கு வேலையே அங்கேதான் ஆரம்பம். "அவனே ஒத்துக்கிட்டானுங்களே, அப்புறம் எதுக்குங்க வருசக்கணக்கா வாய்தா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 23ஆம் பிரிவு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அவர் சொல் செல்லும். அடித்து வாங்கிய சொல்லை வைத்து ஆளை உள்ளே தள்ளக்கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு இது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பையனைச் சந்தேகத்தில் கூட்டிப்போனால் அவனைக் காப்பதும் இதே பிரிவுதான்.

ஆனால் என் அனுபவத்தில் மிக அதிகமாகக் கெடுதல் செய்தது, கடைசி நேரத்தில் வெடிக்கிற சாட்சியம் என்கிற உத்தி. தொடரில் வக்கீல் எழுந்து நின்று "என்னிடம் இன்னொரு சாட்சி இருக்கிறது" என்பார். கதவு திறக்கும். கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்.

பவானிப் பக்கம் ஒரு வரப்புத் தகராறு. அண்ணனுக்குத் தலையில் வெட்டு, கொலை முயற்சி வழக்கு. நான் அரசு வக்கீலுக்கு உதவியாக இருந்தேன். தம்பிதான் கண்ணால் கண்ட சாட்சி. சாட்சி சொல்லும் நாளைக்கு முந்தின சாயங்காலம் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், அரிவாளை எடுத்துக் கொடுத்தது மூன்றாம் எதிரி, தான் பார்த்ததாக. போலீசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கோர்ட்டுல சொல்லலாம்னு வெச்சிருந்தனுங்க. முன்னாடியே சொன்னா அவங்க வக்கீலு தயாராயிருவாருங்களே."

மறுநாள் கூண்டில் சொன்னார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"இதைப் போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா?"

"இல்லீங்க."

"ஆஸ்பத்திரியில்? உங்கள் அண்ணன் மனைவியிடம்?"

"இல்லீங்க."

பிற்பாடு விசாரணை அதிகாரி கூண்டேறியபோது அதே கேள்வி அவரிடமும் போனது. இந்தச் சாட்சி அப்படி என்னிடம் சொல்லவில்லை என்று அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் வாக்குமூலத்தில் விட்டுப்போன முக்கியமான விஷயத்தைச் சட்டம் முரண்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம். நீதிபதி அந்தப் பகுதியை நம்பவில்லை. மூன்றாம் எதிரி விடுதலையானார். அந்தத் தம்பி சொன்னது சத்தியம் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

அரசுத் தரப்பு நம்பியிருக்கிற வாக்குமூலங்களும் ஆவணங்களும் விசாரணைக்கு முன்பே எதிரிக்கு நகலாகக் கொடுக்கப்பட்டுவிடும். ஒளித்துவைத்து வெல்ல அங்கே இடமே இல்லை. பார்த்ததை, கேட்டதை, போனில் பதிவானதை முதல் விசாரணையிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு இருக்கிற போனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பி வைத்ததை மட்டும் நீட்டினால், மூலக் கருவி எங்கே, மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கிற 63ஆம் பிரிவுச் சான்றிதழ் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆள் காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் திரையில் வந்ததுதான். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 24 மணி நேரம் என்பது, கைது செய்தவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்கான கெடு. குழந்தை என்றால் ஒரு நிமிடமும் பொறுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அடியுங்கள். புகார் வந்தது என்று கையில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். போட மறுத்தால் எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட் இருக்கிறார். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100க்கு அழைத்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

அம்மாயி வீட்டு வழக்கில் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனோம். பேரன் கம்பியை ஒப்படைத்ததாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். எல்லோருடைய கவனமும் அந்தக் கம்பி மேலேயே இருந்தது, என்னுடையதும்தான். தோட்டத்துக்குப் போகிற இட்டேரி முனையில் ஒரு கோழிப்பண்ணை, அதன் கேட்டில் ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா. அந்த நினைப்பு வந்து நாங்கள் போனது ஒன்பதாம் நாள். பண்ணைக்காரர் நல்ல மனிதர், உடனே பெட்டியைத் திறந்து ஓட்டிக் காட்டினார். ஏழு நாள் பதிவுதான் அதில் நிற்குமாம், அப்புறம் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளுமாம். திருட்டு நடந்து இரண்டாம் நாள் விடியலில் ஒரு பால் வண்டி ரோட்டைத் தாண்டிப் போனது. அதுதான் அதில் இருந்த முதல் காட்சி.