2004-க்கும் 2012-க்கும் நடுவில் காணாமல் போன படங்கள்

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்வதும், கெட்டுப்போன மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை மீட்பதும் என் தொழில். அதற்கு முன்பு சென்னையில் ஒரு கலர் லேபில் ரோல் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோக்காரர்களைவிட, பொழுதுபோக்காகப் படம் எடுத்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவதை வருட வாரியாக அடுக்கும்போது அநேகமாக எல்லோரிடமும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும். 1980-களில் ஊட்டித் தொழிற்சாலை தயாரித்த 'இந்து' என்ற பெயருள்ள கறுப்பு வெள்ளை ரோலில் எடுத்தது இருக்கும். 1990-களின் கலர் நெகட்டிவ் இருக்கும். போன வருடம் போனில் எடுத்தது இருக்கும். பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிய முதல் ஏழெட்டு வருடங்களின் படங்கள் மட்டும் இருக்காது.

பலருக்கு அவை பிள்ளைகள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்குப் போன வருடங்கள். வாழ்நாளில் அதிகமாகப் படம் எடுத்ததும் அப்போதுதான். கேனான் 300டி டிஜிட்டல் கேமரா 2003-லும் நிக்கான் டி70 அடுத்த வருடமும் வந்தபோது, ரோலில் 36 படத்தை எண்ணி எண்ணி எடுத்தவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 200 படம் எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நானும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பிலிம் காலத்தில் படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரும் தனியாக யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. ரோலைக் கழுவி, துண்டுகளாக வெட்டி, உறையில் போட்டு, பிரிண்டோடு சேர்த்து நாங்களே கையில் கொடுத்துவிடுவோம். அது பீரோவில் புடவைக்கு அடியில் 30 வருடம் கிடந்தாலும், எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெரியும். டிஜிட்டலில் அப்படி யாரும் தொடாமல் கிடப்பதுதான் ஆபத்து. மாறியவர்கள் கேமராவை மாற்றினார்கள். பீரோவில் வைத்தால் போதும் என்ற பழைய நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடங்களின் படங்கள் பெரும்பாலும் சிடியில் எழுதப்பட்டன. வீட்டில் எழுதும் சிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். மேலே ஒட்டிய பேப்பர் லேபிள் உரிந்து வந்தால், தகவலைத் தாங்கும் மெல்லிய படலமும் கூடவே உரிந்து வந்துவிடும். அப்படிப் பளபளப்பு உதிர்ந்த சிடிகளைக் கையில் வாங்கும்போது என்ன சொல்வதென்றே எனக்குத் தெரிவதில்லை. பெரிய சைஸ் படங்கள் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அது 2014 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டது.

இன்னொரு விஷயம் படம் கிடைத்த பிறகுதான் தெரியவரும். அப்போது மெமரி கார்டு விலை அதிகம். ஒரே கார்டில் நிறைய அடக்க வேண்டும் என்று கேமராவில் படத்தின் அளவைக் குறைத்து வைத்தார்கள். 6 மெகாபிக்சல் கேமராவில் 640-க்கு 480 பிக்சலில் ஒரு முழுத் திருமணத்தை எடுத்தவர் உண்டு. அதில் போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் பிரிண்ட் போட்டால் முகம் கட்டம் கட்டமாக உடையும். அதைச் சரிசெய்ய என்னிடமும் வழியில்லை.

எக்ஸ்போஷரிலும், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் விழ விடுவது என்பதிலும், இதே போல் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. கலர் நெகட்டிவில் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் கூடினாலும் பிரிண்ட் போடும்போது நாங்கள் இழுத்துப் பிடித்துவிடுவோம். குறைந்தால்தான் வம்பு, நிழல் எல்லாம் சேறு மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் கூட்டியே எடுப்பது நல்ல பழக்கமாக இருந்தது. டிஜிட்டல் அதற்கு நேர் எதிர். வெள்ளை வேட்டியும் வானமும் ஒருமுறை வெளுத்துவிட்டால் அங்கே மீட்க எதுவும் இருக்காது. நெகட்டிவாக இல்லாமல் நேராகவே நிஜ நிறத்தில் படம் வரும் ஸ்லைடு பிலிமில் எடுத்துப் பழகியவர்களுக்கு மட்டும் இது புதிதாக இல்லை.

சரி, இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது?

பழைய கார்டோ டிஸ்கோ இருந்தால் இந்த வாரமே எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டி, ஸ்மார்ட்மீடியா மாதிரி பழைய வகைக் கார்டுகளைப் படிக்கும் ரீடரே இப்போது கடைகளில் லேசில் கிடைப்பதில்லை. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும் கார்டில் பதிந்த மின்னூட்டமும் மெல்லக் கசியும். படத்தைத் தவறுதலாக அழித்துவிட்டால், அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்த படம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அதன்மேல் புதுப் படம் எழுதப்படும்போதுதான் நிஜமாகவே போகும். உடனே கழற்றி வைத்தால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளாலேயே பல நேரம் எடுத்துவிடலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே இருக்கும் தட்டைக் கீறக்கூடும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில். புகைப்படக்காரர்கள் இதை 3-2-1 என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த மூன்றாவது பகுதியைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். கம்ப்யூட்டர், அதன் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்க், கீழ் அலமாரியில் நெகட்டிவ் என்று எல்லாமே ஒரே தரைத்தளத்தில் இருந்த வீடுகளில் எல்லாமே ஒன்றாக நனைந்தன. நனைந்த நெகட்டிவ்களைப் பலர் பதறிப்போய் வெயிலில் கட்டோடு காயவைத்தார்கள். பிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின். ஒன்றோடொன்று ஒட்டி அப்படியே காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், பிரித்தால் முகம் உரிந்து வரும். ஒரு ஆசிரியை மட்டும் தன் நெகட்டிவ்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, மறுநாளே வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தார். அலசி, ஒவ்வொன்றாகக் கிளிப்பில் தொங்கவிட்டோம். அநேகமாக எல்லாமே தப்பித்தன.

வெள்ளம் வராத வீட்டிலும் நெகட்டிவ்கள் கெடுகின்றன. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால், பிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். பிவிசி உறை வேண்டாம். பாலிபுரோப்பிலின் உறை நல்லது. நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்டு, வீட்டில் காற்றோட்டமும் குளுமையும் உள்ள அறையில் வையுங்கள், பரணில் வைக்காதீர்கள்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது எத்தனை டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, என்று கேளுங்கள். 35 மில்லிமீட்டர் பிரேமை 4000 டிபிஐயில் எடுத்தால் சுமார் 21 மெகாபிக்சல் வரும். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குத் தானியங்கித் தூசி நீக்கத்தை அணைக்கச் சொல்லுங்கள். அது அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. பிலிமில் உள்ள வெள்ளியையே தூசி என்று எடுத்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போன மாதம் இரண்டு சகோதரர்கள் தங்கள் அப்பாவின் படங்களோடு வந்தார்கள். அண்ணன் தன் பங்கு நெகட்டிவ்களை 2005-இல் ஒரு லேபில் ஸ்கேன் செய்து சிடியில் வாங்கிக்கொண்டு, இடம் அடைக்கிறது என்று எறிந்துவிட்டார். சிடியில் ஒவ்வொரு படமும் 1536-க்கு 1024 பிக்சல்தான். தம்பி எதுவுமே செய்யாமல் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். அதே ரோலின் அடுத்த துண்டு. அதை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். அவர்களுடைய அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டைப்பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் மடித்துவைத்த ஒரு பஸ் டிக்கெட்.