மாதுளம்பழம் தின்று ரத்தம் ஏறாது

ஹீமோகுளோபின் 6 (பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்). அந்த நிலையிலும் மாடிப்படி ஏறித்தான் வந்திருக்கிறார். முப்பதைத் தாண்டிய பெண், தையல் வேலை. நகங்கள் நடுவில் குழி விழுந்து மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. "தினம் ரெண்டு மாதுளம்பழம் சாப்பிடுறேன் டாக்டரம்மா, பீட்ரூட் ஜூஸும் விடுறதில்ல. அப்புறமும் ஏன் ரத்தம் கம்மியாவே இருக்கு?" என்று கேட்கிறார்.

போன வருஷம் வேறொரு இடத்தில் பரிசோதித்தபோது 8 இருந்திருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். மாத்திரை போன இடத்துக்கு மாதுளை வந்தது. மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். "எட்டு நாள் போகும், கட்டி கட்டியா. எனக்கு எப்பவுமே அப்படித்தான்" என்றார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இவர் ஒருவர் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். எல்லாமே இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை என்றாலும் பெரும்பங்கு அதற்குத்தான். இத்தனை பேருக்கும் நாம் கைகாட்டுவது பழக்கடையை.

ஒரு கணக்குப் போடலாம், பொறுமையாகப் படியுங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் ஹீமோகுளோபின் 6-இலிருந்து 12-க்கு ஏற வேண்டுமானால் ஏறத்தாழ 700 மில்லிகிராம் இரும்பு வேண்டும். காலியாகிக் கிடக்கும் சேமிப்பையும் நிரப்ப இன்னும் 500 மில்லிகிராம். மாதுளை முத்து 100 கிராமில் இருப்பது 0.3 மில்லிகிராம்தான். இரண்டு பழத்தை உரித்தால் 300 கிராம் முத்து கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம், அதில் 1 மில்லிகிராம்கூட இல்லை. அதுவும் முழுவதுமாக ரத்தத்தில் சேராது. தாவர உணவில் உள்ள இரும்பில் 20 சதவீதம் சேர்ந்தாலே பெரிது. அப்படித் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம். 700 மில்லிகிராம் சேர 3,500 நாள், அதாவது பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு நடுவில் மாதாமாதம் போகும் ரத்தத்தை நான் கழிக்கவே இல்லை. பீட்ரூட்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவுதான்.

சிவப்பாக இருப்பதால் ரத்தமாக மாறும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் அடி. பீட்ரூட்டின் சிவப்பு வேறு ஒரு சாயம், மாதுளையின் சிவப்பு இன்னொரு சாயம், இரண்டிலும் இரும்புக்கு வேலையே இல்லை. ரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபினில் இருக்கும் ஹீம் என்ற பொருளால் வருகிறது, அதன் நடுவில்தான் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. பழம் நல்லதுதான், சாப்பிடுங்கள். மருந்து என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் 'ரத்தம் ஊற' என்று பேரீச்சம்பழ சிரப்பைத் தினமும் கொடுப்பவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. ரத்தம் ஏறாது, சர்க்கரை மட்டும் ஏறும்.

நம் ஊரில் வழிவழியாகச் சொல்வதில் ஒன்று மட்டும் சரி. பிரசவித்த பெண்ணுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். ஆட்டின் மண்ணீரல் அது. ரத்தச் சிவப்பணு 120 நாள் வாழ்ந்து முடித்ததும் அதை உடைக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று மண்ணீரல், அதனால் இரும்பு அங்கே நிறைய இருக்கும். அதில் ஒரு பகுதி உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும் வடிவத்திலும் இருக்கும். ஈரல், ரத்தப் பொரியல் எல்லாம் இதே வகைதான். சைவம் சாப்பிடுபவர்களுக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் இருக்கின்றன. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், உறிஞ்சுவது கூடும். ஆனால் இவையெல்லாம் இருப்பதைக் காப்பாற்றும் உணவுகள். ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கிய பிறகு சுவரொட்டியை நம்பியும் உட்காரக்கூடாது.

உடல் இரும்பை எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நமக்கு ஒவ்வொரு நாளும் புதிய சிவப்பணுக்கள் செய்ய 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. இது கிட்டத்தட்ட முழுவதும் பழைய அணுக்களை உடைத்து எடுத்ததுதான். உணவிலிருந்து உள்ளே வருவது தினமும் 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. தோல், குடல் செல்கள் உதிர்வதில் போவதும் ஏறக்குறைய அவ்வளவே. மிச்சமான இரும்பை வெளியே தள்ள உடலிடம் வழியே கிடையாது. உப்பு அதிகமானால் சிறுநீரகம் தள்ளிவிடும், இரும்பை அப்படித் தள்ள முடியாது. அதனால்தான் உள்ளே விடும் கதவில் இத்தனை கட்டுப்பாடு.

அந்தக் கதவு இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் இருக்கிறது. உணவு இரும்பு அமிலத்தில் கரைந்து குடல் செல்லுக்குள் நுழையும். செல்லின் மறுபக்கத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் அதை ரத்தத்துக்குள் விடும். ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் அதைச் சுமந்துபோய் எலும்பு மஜ்ஜையில் சேர்க்கும். மிச்சம் ஃபெரிட்டினாக ஈரலிலும் மற்ற இடங்களிலும் சேமிக்கப்படும். கதவைத் திறப்பதும் மூடுவதும் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். சேமிப்பு நிறைந்தால் ஹெப்சிடின் கூடி ஃபெரோபோர்ட்டினை அழித்துவிடும், கதவு மூடும். சேமிப்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறையும், கதவு திறக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் இந்த ஹார்மோனையே கண்டுபிடித்தார்கள். நான் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் இது இல்லை.

காய்ச்சல், காசநோய், முடக்குவாதம் போன்ற அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் ஏறும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக்கூடாது என்று உடல் செய்யும் ஏற்பாடு அது. அப்போது சேமிப்பில் இரும்பு இருக்கும், வெளியே வராது. சிறுநீரக நோயிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'டானிக் குடிச்சும் ஏறல' என்று வருபவர்களில் சிலர் இந்த ரகம். இவர்களுக்கு அடிப்படையில் இருக்கும் நோயைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பயனில்லை. ஃபெரிட்டின் அளவும் அழற்சியில் பொய்யாக ஏறும், அறிக்கையில் நார்மல் என்று அச்சடித்திருப்பதை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள்.

சரி, இரும்பு வெளியே போக வழியில்லை என்றால் குறைவது எப்படி? பிள்ளைத்தாய்ச்சிக்கும் வளரும் குழந்தைக்கும் தேவை கூடுகிறது, உண்மை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நல்ல ரத்தம் 2 மில்லிலிட்டர் போனால் 1 மில்லிகிராம் இரும்பு போச்சு. மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். கதவை முழுதாகத் திறந்து வைத்தாலும் சாதாரணச் சாப்பாட்டால் அதை ஈடுகட்டுவது கஷ்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் அது 'எப்பவும் அப்படித்தான்' இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால் நான் இன்னும் பயப்படுவேன். மூட்டுவலி மாத்திரையைக் கடையில் வாங்கி வாங்கிப் போட்டதால் வந்த வயிற்றுப்புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், கொக்கிப்புழுவாக இருக்கலாம், குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி எழுதினால் 'சத்து மாத்திரை குடுங்க போதும்' என்று நழுவாதீர்கள். அப்புறம் வருஷக்கணக்கில் காலையில் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை நிரந்தரமாக அடக்கி வைத்துக்கொண்டு இரும்பு ஏறவில்லை என்று வருத்தப்பட்டு என்ன பயன்? அந்த மாத்திரை உண்மையிலேயே இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

இனி மாத்திரை. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, மட்டமான மாத்திரை ஒன்றுமில்லை. மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பால், பயப்பட வேண்டாம். மாத்திரை போடாதவருக்குத் தார் போல மலம் போனால் அவசரம். டீயோடும் காப்பியோடும் போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ இரும்பைப் பாதிக்கும் மேல் தடுத்துவிடும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போடுகிற கர்ப்பிணிகளைத் தினமும் பார்க்கிறேன். கால்சியம் இரும்பு சேர்வதைக் கெடுக்கும், ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், கொஞ்சம் குறைவாகச் சேரும், பரவாயில்லை, நிறுத்துவதைவிட மேல்.

சீக்கிரம் ஏறட்டும் என்று ஒரு நாளைக்கு மூன்று போடுவதும் வீண். ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி ஒரு நாள் போல உயர்ந்தே இருக்கும், அடுத்த மாத்திரையில் சேர்வது குறையும், வயிற்றுவலிதான் மிச்சம். இந்தக் காரணத்தால்தான் சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதுகிறோம். கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு நீங்களாக மாற்றாதீர்கள், ரத்தசோகை வராமல் தடுக்க உங்களுக்குத் தினமும் ஒன்று, 180 நாள் என்பதுதான் அரசுத் திட்டம். ஹீமோகுளோபின் நார்மலுக்கு வந்தபிறகும் மூன்று மாதம் போட வேண்டும், சேமிப்பு அப்போதுதான் நிரம்பும். எடுத்ததும் 'ரத்தம் ஏத்திடுங்க' என்று கேட்பவர்களுக்கு: மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்பையே ரத்தக்குழாய் வழியாக ஏற்ற முடியும். பெரும்பாலோருக்கு இன்னொருவர் ரத்தம் தேவைப்படாது.

பச்சரிசி, பல்பம், சாம்பல், ஐஸ்கட்டி என்று தின்றுகொண்டே இருக்கும் பிள்ளையை 'அதனாலதான் ரத்தம் செத்துப்போச்சு' என்று அடிக்காதீர்கள். பெரும்பாலும் விஷயம் தலைகீழ், இரும்பு குறைந்ததால்தான் அந்த ஆசை வருகிறது. பரிசோதனைக்குக் கூட்டிவாருங்கள்.

பல மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் 10-ஐத் தாண்டவில்லை, ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறது, சிவப்பணுக்கள் மட்டும் சின்னதாகவே இருக்கின்றன என்றால் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ் என்று ஒரு பரிசோதனை. அவர்களுக்குக் குறைவு இல்லாமலே இரும்பு கொடுத்துக்கொண்டு போனால் சேர்வது வெளியே போகாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டால், துணைக்கும் அதே கூறு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு நோய் கடுமையாக வரலாம்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த மாத்திரை டப்பாவை ஃப்ரிட்ஜ் மேலேயோ டிவி பக்கத்திலேயோ வைக்காதீர்கள். மிட்டாய் மாதிரி நிறமாக இருக்கும். ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.