சேவல் திடீரென்று பாய்வதில்லை

"நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், திடீர்னு பாய ஆரம்பிச்சிருச்சு." சேவலைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். விசாரித்தால், குஞ்சிலிருந்தே கையில் வைத்துக் கொஞ்சி வளர்த்ததாக இருக்கும்.

அப்படி வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் பயம் இருக்காது. 4 முதல் 6 மாதத்துக்குள் பருவத்துக்கு வந்ததும், நம்மையும் இன்னொரு சேவலாக எண்ணிப் போட்டிக்கு வரும். நாம் திரும்பி நடந்தால் பின்னாலேயே வரும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்து நம் காலைச் சுற்றும். பிறகு தலையைத் தாழ்த்தி, கழுத்து இறகைச் சிலிர்த்து முறைக்கும். தீனி வாளியைக் கொத்தும். வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடியோ எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். என் ஆதங்கமே அதுதான். திருத்த வாய்ப்புள்ள நாட்களும் இவைதான்.

ஓடாதீர்கள், ஓடினால் அது ஜெயித்துவிட்டது. உதைக்காதீர்கள், உதைத்தால் நீங்களும் சண்டைக்கு வந்துவிட்டீர்கள் என்றாகும். அது விலகும்வரை அதை நோக்கியே நிதானமாக நடங்கள். தீனியைக் கையில் ஊட்டாமல் தரையில் போடுங்கள். சாதுவாக இருந்த வயதான சேவல் மாறினால் பேன், உண்ணி, பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். வலியும் கோபமாக வெளிப்படும். 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் அதிகம்.

சிறு குழந்தைகளைச் சேவல் இருக்கும் இடத்துக்குத் தனியே விடவே வேண்டாம். சேவல் எம்பிப் பாய்ந்தால் காலிலுள்ள முள் அவர்கள் முகத்துக்கும் கண்ணுக்கும்தான் வரும். முள் குத்திய புண் வெளியே ஊசி பட்டதுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எவ்வளவு முயன்றாலும் மாறாத சேவல்கள் உண்டு. அதைத் தனியே அடைப்பதிலோ, கூட்டத்திலிருந்து நீக்குவதிலோ தயங்காதீர்கள். குணம் ஓரளவு குஞ்சுக்கும் வரும். சேவலைப் பிரித்த பிறகும் 2, 3 வாரம்வரை அதன் கரு முட்டையில் இருக்கலாம். அதுவரை இடும் முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள். தீனியைக் கண்டதும் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடுகிற, நம்மைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிற சேவலை இனப்பெருக்கத்துக்கு வையுங்கள்.