ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாலும் விசா நாள் ஓடும்

விசா விஷயமாக என் அலுவலகத்துக்கு வருபவர்கள் கதவு திறந்திருந்தாலும் உரக்கத்தான் பேசுவார்கள். வீட்டில் ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்று வருபவர்கள் உட்காரும் முன்பே, "கதவைச் சாத்திக்கலாமாக்கா?" என்பார்கள். இவர்கள் இரண்டு தனிக் கூட்டம் என்றுதான் தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே மாதத்தில் வரும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு பரோட்டா மாஸ்டர்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் அட்டர்னியாக, அதாவது வக்கீலாக, இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் 1860-இல் தொடங்கிய கரும்புத் தோட்டக் குடியேற்றத்தின் வாரிசுகள். மீதிப்பேர் நேற்று வந்தவர்கள்: ஓட்டல் மாஸ்டர்கள், கோயில் குருக்கள், மேளக்காரர்கள், அவர்கள் மனைவி மக்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சில குடும்பங்கள். புதிதாக வந்தவர்களுக்குக் காகிதத்தின் மேல் பயம், பழைய குடும்பங்களுக்கு ஊர்வாயின் மேல் பயம். கீழே சொல்லும் சம்பவங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அந்த மாஸ்டர் ஒன்பது நாள் தூங்கவில்லை. ஓட்டல் மூடிய பிறகு கழுவின தேக்சாவையே எடுத்து எடுத்துக் கழுவியிருக்கிறார். பத்தாம் நாள் முதலாளி அவரைக் காரில் ஏற்றி ஓர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே பெயர்கூடக் கொடுக்காமல் போய்விட்டார். அறைத்தோழன் என்னிடம் வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் சார்ஜ் இல்லாத போன், இரண்டு சம்பளக் கவர், பாதி தின்ற மாத்திரை அட்டை. பாஸ்போர்ட் எங்கே என்றேன். "முதலாளி பெட்டில இருக்குக்கா. எல்லாரோடதும் அங்கதான்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதைப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. ஒரு வக்கீல் கடிதம் போனால் பெரும்பாலும் மறுநாளே பெட்டி திறக்கும். எங்களுக்கும் திறந்தது.

தென்னாப்பிரிக்காவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2002-இல் வந்தது. நோயாளி சம்மதிக்காத நிலையில் அவரைச் சேர்க்கவேண்டுமென்றால் யாராவது எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதுதான் நான்காம் எண் படிவம். கணவன், மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவு ஆகியோரோடு, அந்த ஆளின் நலனில் அக்கறை உள்ளவரோ அவரோடு நெருங்கிப் பழகுபவரோகூட விண்ணப்பிக்கலாம். ஒரே அறையில் பாய் போட்டுப் படுப்பவன் இதில் அடக்கம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் ஆளை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் மருத்துவப் பணியாளரே விண்ணப்பிக்கலாம். ஆனால் உறவினரைத் தேட என்ன செய்தார் என்று அதில் எழுத வேண்டும். நம் மாஸ்டரின் படிவத்தில் ஒரே வரிதான் இருந்தது: உறவினர் யாருமில்லை. போனைச் சார்ஜ் போட்டிருந்தால் அறைத்தோழனின் எண் முதலில் வந்திருக்கும்.

ஒருவர் பெயர் அந்தப் படிவத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. சேர்த்தபின் 72 மணிநேரம் மதிப்பீடு நடக்கும். முடிவை விண்ணப்பித்தவருக்குச் சொல்ல வேண்டும். மேலும் வைத்திருக்கவேண்டும் என்றால் விஷயம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகும். வாரியத்தில் மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள்: மனநலப் பணியாளர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், ஊர் மக்களில் ஒருவர் கட்டாயம். கடைசியில் உயர் நீதிமன்றமும் பார்க்கும். முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, எழுத்து மூலமான அறிவிப்பின் தேதியிலிருந்து 30 நாள் உண்டு. உறவினர் யாருமில்லை என்று எழுதிவிட்டால் அந்த அறிவிப்பு வெளியில் யார் கைக்கும் போகாது. இதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு வாரியத்தின் முன்னும் நீதிபதியின் முன்னும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பணமில்லாதவருக்கு அரசே சட்ட உதவி தரவேண்டும். லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் இலவச எண் 0800 110 110.

மாஸ்டருக்காக நாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை. எப்படியாவது ஆளை வெளியே எடுப்பதுதான் வக்கீல் வேலை என்று அறைத்தோழன் நினைத்திருந்தான், நானே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. எங்கள் பெயரைப் பதிவில் ஏற்றினோம், மருந்து என்ன, எதற்கு என்பதை அவருக்குத் தமிழில் சொல்ல ஏற்பாடு கேட்டோம், ஊரில் இருந்த அம்மாவோடு வாரம் ஒருமுறை போனில் பேச அனுமதி வாங்கினோம். ஐந்தாம் வாரம் என்னைப் பார்த்ததும், "அக்கா, தேக்சா யார் கழுவுறா இப்ப?" என்று கேட்டுச் சிரித்தார். தேறிவிட்டார் என்று எனக்கும் சந்தோஷம்.

பிழை செய்தது நான். சேர்ந்த பத்தொன்பதாம் நாள் அவர் விசா முடிந்திருந்தது. பாஸ்போர்ட் என் மேசையில்தான் இருந்தது. பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், விசாப் பக்கத்தைத் திருப்பவில்லை. 52-ஆம் நாள் டிஸ்சார்ஜ். அண்ணன் ஊரிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துக் கிங் ஷாகா விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த அதிகாரி எண்ணிப் பார்த்து 36 நாள் அதிகம் என்றார். இங்கே 30 நாளுக்குள் அதிகமாகத் தங்கியிருந்தால் ஓராண்டு, 30 நாளைத் தாண்டினால் ஐந்தாண்டு திரும்பி வரமுடியாது. 'விரும்பத்தகாதவர்' என்று ஒரு காகிதம் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த மனிதருக்கு அந்தச் சொல்லை அண்ணன் அகராதி பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கிறார்.

பத்து வேலை நாளுக்குள் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு எழுதிப்போட்டோம், எட்டு மாதம் கழித்துத் தடை நீங்கியது. ஆனால் அது வராமலே தடுத்திருக்கலாம். குடிவரவுச் சட்டமும் 2002-இல் வந்ததுதான். அதன் 32-ஆம் பிரிவில், விசா காலாவதியானவர் புதிதாக விண்ணப்பிக்கும்வரை நாட்டில் இருக்க அனுமதி தர வழி இருக்கிறது. அந்த அனுமதிக் காகிதம் இருபதாம் எண் படிவம். தன் கையை மீறிய காரணத்தால் விண்ணப்பிக்க முடியவில்லை என்று எழுத்திலும் அத்தாட்சியோடும் காட்ட வேண்டும். கட்டாயச் சேர்க்கையில் ஆஸ்பத்திரியில் இருந்ததைவிடக் கையை மீறிய காரணம் என்ன வேண்டும்? ஆகவே ஆஸ்பத்திரியில் கடிதம் கேட்கும்போது 'சிகிச்சையில் உள்ளார்' என்ற பொதுக் கடிதம் வாங்காதீர்கள். சேர்ந்த தேதி, தன் விருப்பத்தின் பேரில் வெளியே போகமுடியாத நிலை, டிஸ்சார்ஜ் தேதி இவை இருக்கட்டும். நோயின் பெயர் வேண்டாம். ஹோம் அஃபேர்ஸுக்கு, அதாவது விசாவைக் கவனிக்கும் உள்துறைக்கு, அது தேவையில்லை. விசாப் புதுப்பிப்புக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், விசா விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும் என்பதால், வீட்டில் ஒருவர் தடுமாறத் தொடங்கும்போதே விசாத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலாளி இதற்குள் 'சொல்லாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார்' என்று கடிதம் தயாராக வைத்திருந்தார். ஓடினவர் அவர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படி என்று கேட்டோம். வேலைநீக்கத்துக்கு எதிராகச் சி.சி.எம்.ஏ. என்ற தொழில்தகராறு சமரச ஆணையத்துக்குப் போக 30 நாள்தான் கணக்கு. அனுமதி காலாவதியான வெளிநாட்டவரும் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிதான் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. அதனால் "விசா இல்லாதவனுக்கு என்ன கேஸ்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. சம்பளப் பாக்கி வந்தது.

இன்னொரு பொறி இருக்கிறது. வக்கீல்களே விழுகிற பொறி என்பதால் சற்று நின்று சொல்கிறேன். கணவனுக்கு முடியவில்லை, வங்கிக் கணக்கு அவர் பெயரில், வாடகை கட்டவேண்டும் என்று ஒரு பெண் வருவார். பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்பார். இந்த நாட்டுச் சட்டத்தில், கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்த கணத்தில் அந்தப் பவர் செத்துவிடும். உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் நியமிக்கக் கேட்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். அந்த வழக்கில் நீதிமன்றம் முதலில் செய்வது, அந்த மனிதர் தன் காரியங்களைக் கவனிக்கத் திறனற்றவர் என்று அறிவிப்பது. குடிவரவுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவைத் திறந்து பார்த்தால், விரும்பத்தகாதவர் பட்டியலில் 'நீதிமன்றத்தால் திறனற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்' என்று ஒரு வரி இருக்கும். குடியுரிமை உள்ள நம் பழைய குடும்பங்களுக்கு அந்த வரி ஒன்றும் செய்யாது. விசாவில் இருப்பவரை அது நாட்டைவிட்டே தள்ளிவிடலாம். அமைச்சர் தக்க காரணத்துக்கு விலக்கு தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது, ஆனால் விலக்குக் கேட்டு அலைவது வேறு கதை. மனநலச் சட்டத்தின் கீழ், உயர் நீதிமன்றத்தில் 'மாஸ்டர்' என்று அழைக்கப்படும் அதிகாரியின் அலுவலகத்தில் சொத்து நிர்வாகி கேட்கும் எளிய வழி உண்டு. வாடகைக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் நான் முதலில் பார்ப்பது அந்த வழியைத்தான்.

இனி மொழி. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், பிள்ளை பெற்று ஐந்து வாரம். டாக்டர் கேட்பதைக் கணவர் தமிழில் சொல்கிறார், மனைவி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்கிறார். "பிள்ளையைத் தூக்கப் பயமாக் கிடக்கு, ஏதும் செய்துபோடுவனோ எண்டு" என்றார் அந்தத் தங்கை. களைப்பாக இருக்கிறதாம் என்றார் கணவர். அவர் பொய்யர் இல்லை. பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும், அகதி விண்ணப்பம் கெட்டுவிடும் என்று பயந்தார். நான் அன்று வேறு வேலையாக அங்கே நின்றதால் கேட்டது. நோயாளிக்குப் புரியும் மொழியில், இயன்ற இடத்தில், விவரம் சொல்லவேண்டும் என்று தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி, குடும்பத்தைச் சேராத ஒரு பெண்ணை மொழிபெயர்க்கக் கூட்டிவந்தோம். இப்போது தாயும் பிள்ளையும் நலம்.

இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் ஆயா, ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் சாமியாடுபவர். வேறு ஏதோ நோய்க்குப் போன இடத்தில், "அம்மா எங்கிட்ட பேசுவா" என்றிருக்கிறார். காதில் குரல் கேட்கிறது என்று அட்டையில் ஏறிவிட்டது. அந்த வரியை விளக்க எனக்கு மூன்று கடிதமும் ஒரு கோயில் தர்மகர்த்தாவும் தேவைப்பட்டார்கள். சாமியாடுவதெல்லாம் நோய் என்று எழுதுவது எவ்வளவு தப்போ, ஒன்பது நாள் தூங்காதவனைக் காத்துக்கருப்பு என்று சொல்லித் தாயத்துக் கட்டிக்கொண்டிருப்பதும் அவ்வளவு தப்பு. இரண்டையும் நம்மவர்கள்தான் பிரித்துச் சொல்ல முடியும், வெளியாளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹோம் அஃபேர்ஸுக்குச் சொல்லிவிடுவார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பூசி மெழுகாமல் சொல்வதென்றால், சேவை பெறுபவரின் குடிநிலையை அரசு அமைப்புகள் முடிந்தவரை விசாரித்து, சட்டப்படி அனுமதி இல்லாதவரையும் நிலை தெரியவராதவரையும் பற்றித் தெரிவிக்கவேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டிச் சட்டப்படி அவருக்கு உரிய சிகிச்சையை நிறுத்தக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. 2025-இல் டர்பனில் ஆஸ்பத்திரி வாசலில் சிலர் நின்றுகொண்டு அடையாள அட்டை கேட்டபோது எனக்கு நாளைக்குப் பத்து போன் வந்தது. கேட்டைக் காக்கும் அதிகாரம் அவர்களுக்குச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

போலீஸைக் கூப்பிடுவதற்கும் பயப்படுகிறார்கள். ஆள் தனக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு செய்துகொள்ளும் நிலையில் இருப்பதைப் போலீஸ் தாமே பார்த்தாலோ மனநலப் பணியாளர் மூலம் அறிந்தாலோ, மனநலச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போனில் "அடிக்கிறான், வாங்க" என்று மட்டும் சொன்னால் அது அடிதடிக் கேஸாகப் பதிவாகி, செல்லில் இரவு கழிந்து, காலையில் விசா கேட்பார்கள். "மனநோயாளி, மருந்து எடுக்கிறவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சடாக் (SADAG) அமைப்பின் இலவச எண் 0800 567 567.

எங்களுக்கெல்லாம் குடியுரிமை இருக்கிறது, இதெல்லாம் வந்தேறிகள் பாடு என்று ஒரு பெரியவர் கோயில் கூட்டத்தில் சொன்னார். 2016-இல் கௌதெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநல இல்லத்திலிருந்து மனநோயாளிகளை அவசர அவசரமாக வேறு இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்றே பல குடும்பங்களுக்குச் சொல்லவில்லை. முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே அந்த விவகாரத்தில் நடுவராக இருந்து 2018 மார்ச்சில் தந்த தீர்ப்பைப் பெரியவருக்கு அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தாரா தெரியாது. ஆனால் அடுத்த வாரம் தம்பி மகனின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். உட்காரும் முன்பே கதவைச் சாத்தினார்.

மாஸ்டர் திரும்பி வரவில்லை. மேலூர்ப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாராம். "தடைதான் எடுத்தாச்சே, வாயேன் தம்பி" என்றேன் போனில். "அந்தக் காகிதம் இன்னும் வீட்டுல இருக்குக்கா" என்றார். அறைத்தோழன் இங்கேதான் இருக்கிறான். அதே அறையில் இப்போது நான்கு பேர். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: நான்கு பெயர், நான்கு விசாத் தேதி, ஒவ்வொருவருக்கும் ஊரில் யாரைக் கூப்பிடவேண்டும் என்ற எண். பாஸ்போர்ட்டுகள் அரிசி டிரம்முக்கு மேலே, பிஸ்கட் டின்னில்.